அறிவித்தல், இரு பக்கம்

பொருளாதாரத் தடை. தாள் இல்லை.
பள்ளிக்கூடத்து வரவுப் புத்தகங்களில்
எழுதாத ஏடாய்ப் பார்த்துக் கிழித்து
நூற்றுப்பத்துச் சேர்த்தோம்.
ஸ்டென்சில் வெட்டியது நான்.
கொக்கட்டிச்சோலைக் காரியாலயத்தில்
பிழையில்லாமல் எழுதுகிறவள் நான் ஒருத்திதான்,
முல்லைக்காரன் சாமித்தம்பியின் மகள்.

முன்பக்கம்:
முல்லைக்காரர் போடிமாருக்குப் பட்ட கடன்
இன்றோடு செல்லாது.
கடனைச் சொல்லி எவரும் எவரையும்
வட்டையில் மறித்து வைக்கலாகாது.

அந்த ‘இன்றோடு’வுக்கு மூன்று கூட்டம்.
முதலாவதில் ஆறு போடிமார், ஆறு கதிரை.
“வெள்ளாமை வெட்டி முடியட்டும்” என்றார்கள்.
இரண்டாவதில் “சண்டை முடியட்டும்”.
மூன்றாவதில் பொறுப்பாளர் கொப்பியை விரித்து
இரண்டு கணக்கைக் கூட்டிப் பார்த்தார்:
போடிமார் தரும் நெல் எத்தனை அவணம்,
முல்லைக்காரர் வீடுகளில்
பதினேழு தாண்டிய பிள்ளைகள் எத்தனை.
பிள்ளைகள் பக்கம் கனத்தது.
அதற்கு நீதி என்று தலைப்பிட்டோம்.
நீதிதான். இல்லையென்று நான் சொல்லமாட்டேன்.
அப்பா போடியார் வளவில்
சிரட்டையில் தேத்தண்ணி குடித்தவர்.

குப்பி விளக்கில் வாசித்துக் காட்டினேன்.
“காணி ஆருக்கு?”
எழுதவில்லை.
“வித்து நெல் ஆர் தருவான்?”
அதுவும் எழுதவில்லை.
“வாய்க்கால் தண்ணி?”
நான் விளக்குத் திரியைத் தூண்டினேன்.
மறுகா, சிரித்தார்.
“களவெட்டியில முடிஞ்சுது என்டு சொல்லப்படா புள்ள,
பொலிஞ்சுது என்டுதான் சொல்லவேணும்.
இருபத்திரெண்டு வருசமா என்ட கடனுக்கும்
அதையேதான் சொன்னார் போடியார்.
ஒருக்கா, அவர்ர முகத்துக்கு நேர,
முடிஞ்சுது என்டு சொல்லிப் பாக்கப்போறன்.”

கதிராமப்போடி கடன் கொப்பியோடு
எப்போதோ எழுவான்கரைக்குப் போய்விட்டார்.
அங்கே ஆமி. எங்கள் சட்டம் வாவியில் நனைந்து நின்றுவிடும்.
படுவான்கரையில் அப்பா விடுதலை.
அக்கரையில் பதினெட்டு அவணக் கடன்காரன்.
மண்முனைத்துறைத் தோணியில், நடுவாவியில்,
அவர் யாரென்று எனக்குத் தெரியாது.

வட்ட முத்திரை குத்திய தாள்.
சோதனைச் சாவடியில் மடிக்குள் அகப்பட்டால்
ஆள் திரும்பாது.
எழுத்தறியாத மனிசன் மூன்று இரவு பாடமாக்கினார்.
நான் சொல்லிக் கொடுத்தேன்,
முன்பக்கம் மட்டும்.
வாசிகசாலைச் சுவரில் ஒட்டிய தாளும்
முன்பக்கத்தைத்தான் காட்டிற்று. பசை மறுபக்கத்தில்.
மிச்சத் தாள்கள் திங்கட்கிழமை கொடுக்க இருந்தன.

சேட்டைக் கழற்றி, சாரனை உதறிக் காட்டி,
வெறுங்கையோடு கரையேறினாராம்.
ஆரையம்பதியில் போடியாரின் மகள் வீடு.
முற்றத்து வெயிலில் நின்று ஒப்புவித்தார்,
“இதனால் சகலருக்கும்” தொடங்கி,
ஒரு சொல் பிசகாமல்.
கடைசியில் “வட்ட முத்திரை” என்பதையும்.

போடியார் குறுக்கே பேசவில்லை.
வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.
“சரிதான் சாமித்தம்பி.
தாளைக் கிறுக்கிப் பாத்தயா?”

அவர் மடியில் ஒரு தாள் இருந்தது.
எந்தத் தோணியில் போனதோ.

எங்கள் பக்கம் கிறுக்குவதென்றால் திருப்புவது.
மற்ற ஊர்களில் எழுதுவது.
நான் இரண்டும் செய்தேன்.

பின்பக்கம்:
விடுவிக்கப்பட்ட குடும்பம் ஒவ்வொன்றும்
மண்ணுக்கு ஒருவரைத் தரவேண்டும்,
பத்தாம் திகதிக்கு முன்.

மை ஊறுகிற தாள்.
விளக்குக்கு நேரே பிடித்தால்
‘செல்லாது’ என்ற சொல்லின் முதுகில்
‘ஒருவரை’ தெரியும்.
பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

அப்பா கடைசித் தோணியில் வந்தார்.
கால் கழுவவில்லை.
தம்பி லோகிதராசா படலையடியில்
சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.
அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
என் பக்கம் கிறுகாமலே கேட்டார்:
“இண்டைக்கு எத்தினையாந் திகதி?”

ஏழு என்றேன்.